மேல்கூடு கட்டியவர்கள்

எண்ணூரிலிருந்து சேசிஸ் ஓட்டி வருகிறவர்களைப் போன வாரம் பார்த்தோம். கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத வண்டியில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோவில்பட்டி பைபாஸைக் கடந்து தெற்கே போகிறவர்கள். அந்த மொட்டைச் சட்டம் பஸ்ஸாவது பாடி கட்டும் பட்டறையில்தான். அந்தத் தொழிலில் பெரும்பேர் வாங்கி, பிறகு இல்லாமலே போன ஒரு லண்டன் கம்பெனியின் கதை இது.

பேர் பார்க் ராயல். மேற்கு லண்டனில் அதே பேருள்ள பகுதியில், நொடித்துப்போன ஹால் லூயிஸ் கம்பெனியின் இடத்தில் 1930-ல் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களுக்கு இறக்கை செய்து கொடுத்தார்கள். அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்க்கும் அந்த வித்தைதான் பிறகு லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டருக்குள் வந்தது. அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கூடே வண்டியைத் தாங்கும். 1954 முதல் 1968 வரை உருவான 2,876 வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பாடி பார்க் ராயலுடையது.

அவர்கள் கைவேலை நம் பக்கமும் வந்திருக்கிறது. 1958-ல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டன் கழித்துக்கட்டிய மாடி பஸ்களை வாங்கி ஓட்டியது. அவற்றில் பலவற்றின் பாடி பார்க் ராயலில் கட்டியது. கரிசலிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்களில் எத்தனையோ பேர் அதில் ஏறியிருப்பார்கள்.

1949-ல் ஏ.இ.சி. என்ஜின்காரர்களின் ஏ.சி.வி. குழுமம் பார்க் ராயலை வாங்கியது. 1962-ல் அந்தக் குழுமத்தையே லேலண்ட் விழுங்கியது. நம்மூர் அசோக் லேலண்டுக்கு 1955-ல் தன் பேரைக் கொடுத்த அதே லேலண்ட். அதன்பின் பார்க் ராயல் ஒரு பெரிய கம்பெனியின் துறைகளில் ஒன்று, அவ்வளவுதான். டைட்டன் என்ற புது மாடி பஸ்ஸை அங்கே கட்டத் தொடங்கினார்கள்; தொழில் தகராறு, ஆள் பற்றாக்குறை, தாமதம். 1980-ல் கதவைச் சாத்திவிட்டு டைட்டனை வொர்க்கிங்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் நாட்டில் சேசிஸ் ஒரு கை, பாடி இன்னொரு கை என்ற ஏற்பாடு இன்னும் சாகவில்லை. கரூரின் பாடி கட்டும் பட்டறைகள் பிழைத்திருப்பது அதனால்தான். இது வெறும் வியாபார விஷயமில்லை என்பது என் எண்ணம். என்ஜின் எங்கிருந்தும் வரலாம். கூடு கட்டுகிறவனுக்கு வண்டி ஓடும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். நம் பழைய டவுன் பஸ்ஸின் பின்புறத்து இரும்பு ஏணியையும் கூரைமேல் கேரியரையும் நினைத்துப் பாருங்கள். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் மிளகாய் மூட்டையும் பருத்திப் பொதியும் ஏறியது அங்கேதான். ரூட்மாஸ்டரில் அதற்கு இடமே கிடையாது, லண்டனுக்கு அது தேவையும் இல்லை.

இப்போது நெருக்கடி கரூருக்கும் வந்திருக்கிறது. ஏ.ஐ.எஸ். 052 என்ற பஸ் பாடி தரநெறி, பயணிகளின் உயிருக்கு அவசியமானது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் சோதனைக்கும் சான்றிதழுக்கும் ஆகும் செலவைச் சின்னப் பட்டறை தாங்குமா? சேசிஸ் கம்பெனிகளே முழு பஸ்ஸாகக் கட்டி விற்கும் காலத்தில் பட்டறைக்காரர் என்ன செய்வார்? அடுத்த வாரம் கரூருக்குப் போவோம்.

(தொடரும்)