பயிர்க் காப்பீடு: வராத மேலாளரிடம் பதில் பெறும் வழி

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பயிர்க் காப்பீட்டுப் பேச்சு எழும்போது, பதில் சொல்ல வேண்டிய கம்பெனி மேலாளர் வராமல் இருப்பதுண்டு. அவர் அனுப்பும் ஊழியர், "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அடுத்த மாதமும் அதே பதில்தான். சம்பா கருகிப் போய்க் கடனை அடைக்க வழியற்ற விவசாயிக்கு ஆத்திரம் வருவது இயற்கை. ஆனால் கூச்சல் காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுத்த கேள்வி நிற்கும்.

இழப்பீட்டுக் கணக்கு

2016-ம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் செலுத்துகின்றன. கம்பெனி பெறுவதில் பொதுப்பணமும் இருப்பதால் கணக்குக் கேட்பது உரிமையே.

மகசூல் இழப்பு தனித்தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. பெரும்பாலும் வருவாய்க் கிராம அளவில், பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, உத்தரவாத மகசூல் எக்டேருக்கு 4,000 கிலோ, கிடைத்தது 3,000 கிலோ என்றால் இழப்பு 25 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 9,000 ரூபாய் வர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. கிராமத்தில் எந்தத் தேதிகளில், எந்த சர்வே எண்களில் பரிசோதனை நடந்தது? மகசூல் எவ்வளவு?
2. உத்தரவாத மகசூல் எவ்வளவு?
3. மகசூல் விவரம் கம்பெனிக்கு என்று கிடைத்தது?
4. அரசின் பங்குத் தொகை என்று வந்து சேர்ந்தது?

கடைசி இரண்டும் முக்கியமானவை. தாமதத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள் இவைதாம். தேதி தெரிந்துவிட்டால் தவறு யாருடையது என்பது விளங்கிவிடும். தவறு கம்பெனியுடையதாகி, கெடுவும் தாண்டினால், 2018-ல் திருத்திய விதிகளின்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

பதில் வராவிட்டால்

தனியார் கம்பெனியாக இருந்தாலும், மகசூல் விவரங்கள் அரசுத் துறைகளிடம் உண்டு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி வேளாண்மைத் துறைக்கு மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதன்பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க்கும் குழுவிடம் முறையிடலாம்.

பிரீமியம் ரசீது, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை மனுவுடன் இணைத்து, ஒப்புகைச் சீட்டுப் பெறுவது அவசியம். கம்பெனி மேலாளர் கூட்டத்துக்கு வராவிட்டால், வரவில்லை என்பதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி விவசாயிகள் கேட்க வேண்டும்.