மேல் தாடையில் நட்ட பல் ஆடினால்

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். போன பல்லுக்கு ஈடாக நட்ட பல்லும் போகுமாயின், சொல்லோடு பணமும் போய்விடுகிறது. புசா ரோடு, கரோல்பாக் பகுதிகளில் வாழும் நம்மவரிற் சிலர் விடுமுறையிற் சென்னை சென்று, ‘இம்பிளாண்ட்’ எனப்படும் செயற்கை வேரைத் தாடையில் நட்டுக்கொண்டு திரும்புகின்றனர். பின்னர் அது தில்லியில் ஆடத் தொடங்கினால் செய்யத்தக்கது யாது?

முதலில் அவ்வேர் நிற்கும் விதத்தை அறிதல் வேண்டும். ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க், 1952-ஆம் ஆண்டளவில் முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவி எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் மனிதர் ஒருவருக்கு டைட்டேனிய வேர்களைப் பொருத்தினார். அம்மனிதர் 2006-இல் காலமாகும்வரை அவை பயன்பட்டன. ஆனால் அவை கீழ்த் தாடையில் நடப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். மேல் தாடையின் எலும்பு, குறிப்பாகக் கடைவாய்ப் பகுதியில், பஞ்சு போன்றது. அதன்மேல் சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. பல் விழுந்தபின் எலும்பு தேய, காற்றறையும் கீழிறங்குகிறது. ஆகவேதான் கீழ்த் தாடைக்கு மூன்று மாதமும் மேல் தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்து பல் பொருத்துவதை அந்நாளில் விதியாக வைத்தனர். பதினைந்து நாள் விடுப்பில் அனைத்தும் முடிய வேண்டுமென்று வைத்தியரை நெருக்குவது நமக்கே கேடு.

எம் அலுவலகத்து மூத்த எழுத்தர் ஒருவருக்கு நட்ட மேல் கடைவாய்ப்பல் இரண்டாண்டில் ஆடி, ஈறில் சீழும் கண்டது. புசா ரோட்டு வைத்தியர் முதலிற் சோதித்தது ஆடுவது மேல்மூடியா, வேரா என்பதையே. மூடியின் திருகு மட்டும் தளர்ந்திருந்தால் முடுக்கிவிடலாம். வேரே ஆடினால் எடுத்தே தீரவேண்டும். நண்பருக்கு வேரே ஆடிற்று. உடனே புதியதை நடுமாறு அவர் வேண்டினார். வைத்தியர் இசையவில்லை. சர்க்கரை நோய் கட்டுக்கடங்கவில்லை, பீடியும் விடவில்லை. முன்னதைக் கெடுத்த காரணம் இருக்கையில் பின்னது மட்டும் எப்படி நிற்கும்? இரண்டாம் முறை நடுவது நிலைக்கும் வாய்ப்பு முதல் முறையைவிடச் சற்றுக் குறைவுதான். மூன்றாம் முறை அதனினும் குறைவு.

கெட்ட வேரை எடுத்தபின் குழியிலுள்ள அழுகிய தசையைச் சுரண்டித் தூய்மை செய்கின்றனர். சீழின்றி எலும்பும் போதுமானதாயின், சற்றுப் பருத்த வேரை அன்றே நடுவதுண்டு. இன்றேல் எலும்புத் துகளை இட்டு, சில மாதம் ஆறவிடுவர். காற்றறை தாழ்ந்திருந்தால் அதன் அடிச்சவ்வை மெல்ல உயர்த்தி, அவ்விடத்தை எலும்புத் துகளால் நிரப்புகின்றனர். அது இறுக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகலாம். எலும்பின் அளவை முப்பரிமாண ஸ்கேன் எடுத்தே துணிய வேண்டும். மேல் தாடை எலும்பு முற்றும் கரைந்து பற்கள் பலவும் இழந்தோர்க்குக் கன்ன எலும்பிலேயே வேரூன்றும் முறையும் உண்டு. சாதாரண வேர் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். இதுவோ 30 மில்லிமீட்டருக்கும் அதிகம். ஒற்றைப் பல்லுக்காக இவ்வளவு வேண்டியதில்லை. எம் நண்பர் இப்போது கழற்றி மாட்டும் பல்லோடு முறுக்குத் தின்கிறார். அதில் இழிவென்ன?

அவருக்கு நேர்ந்த வேறொரு தொல்லையும் உண்டு. வேர் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என வைத்தியர் வினவியபோது, நண்பரிடம் இருந்தது மொத்தத் தொகை எழுதிய ரசீது ஒன்றே. ஒரு நிறுவனத்தின் திருகுக்கு மற்றொன்றின் கருவி பெரும்பாலும் பொருந்தாது. மீட்டர்கேஜ் பெட்டியை அகலப் பாதையில் ஓட்ட இயலுமா? வேரின் உறையில் நிறுவனப் பெயர், விட்டம், நீளம், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். நடும் நாளிலேயே அதனையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டுப் பெறுக. வேரை எடுக்குமுன் இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுவோர் டெல்லி கேட் அருகிலுள்ள அரசினரின் மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். அங்கும் அச்சீட்டையே முதலிற் கேட்பர். ரேஷன் கார்டு உள்ள உறையிலேயே அதை வைத்தால், மாற்றல் உத்தரவு வரும்போது தேட நேராது.