உடலுக்குள் ஒரு மதில்



வீட்டின் பின்புறம் காய்கறி பயிரிடுவோர் அதனைச் சுற்றி வேலி அடைக்கின்றனர். ஆடும் கோழியும் உள்ளே நுழையலாகாது. ஆயினும் நீர் பாய்ச்சச் செல்வோர்க்கு ஒரு வழி வேண்டும். வழியில்லாத வேலியாலும் பயனில்லை. ஓட்டை விழுந்த வேலியாலும் பயனில்லை. நம் குடலின் உட்சுவரும் இத்தகைய வேலியே ஆகும். நல்லதை உள்ளே விடுவதும் தீயதைத் தடுத்து நிறுத்துவதும் அதன் பணிகள். அச்சுவர் எவ்வாறு இயங்குகிறது, எவற்றால் பழுதடைகிறது, பழுதுற்ற வேளையில் நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

சுவரின் அமைப்பு

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் போன்றதன்று. அதில் மடிப்புகள் பல உள்ளன. அம்மடிப்புகளின்மேல் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் நெருங்கி நிற்கின்றன. இவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் குடலின் உட்பரப்பு பூப்பந்துத் திடலில் பாதியளவு இருக்கும் என்று 2014ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் கூறினர்.

இவ்வளவு பெரிய பரப்பை மூடியிருக்கும் உயிரணுப் படலம் எத்துணைத் தடிப்புடையது? ஒரே ஓர் உயிரணுவின் தடிப்புதான்! செங்கற்களைப்போல் அணிவகுத்து நிற்கும் அவ்வுயிரணுக்களைப் புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கின்றன. அவற்றின் மேல் வழவழப்பான சளிப்படலம் போர்வை போல் படிந்துள்ளது. கிருமிகள் அதில் சிக்கிக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் காவல் காக்கின்றன. குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களும் தீய கிருமிகளுக்கு இடங்கொடாமல் உதவுகின்றன.

இச்சுவர் உயிருள்ள சுவர். பழைய உயிரணுக்கள் உதிர, புதியவை பிறந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் சிறுகுடலின் உட்படலம் பெரும்பாலும் புதியதாகிவிடுகிறது. இத்துணை விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்புகள் நம் உடலில் மிகச் சிலவே.

சுவரைக் கெடுப்பவை

முதலாவது பகை, அசுத்த நீராலும் உணவாலும் கழுவாத கையாலும் வரும் கிருமிகள். குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா எனும் நச்சுயிரி குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள உயிரணுக்களை அழிக்கிறது. காலராக் கிருமியின் செயலோ வேறு. அது சுவரை இடிப்பதில்லை. அதன் நஞ்சு உயிரணுக்களின் வாயில்களைத் திறந்துவிடுகிறது. உடலின் நீரும் உப்பும் குடலுக்குள் ஆறாகக் கொட்டுகின்றன.

இரண்டாவது, வலி நிவாரண மாத்திரைகள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்றவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி அடிக்கடி விழுங்கினால் இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாகலாம்.

மூன்றாவது, மது. அளவுக்கு மிஞ்சிய மது உயிரணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. அவ்விடைவெளியில் கிருமிகளின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலைச் சென்று தாக்குகின்றன.

நான்காவது, கடும் வெப்பம். கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் உழைக்கும்போது இரத்தம் தோலுக்கும் தசைகளுக்கும் மிகுதியாகப் பாய்கிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அதனால் சுவர் தளர்வுறும். வெளியில் உழைப்போர் இடையிடையே நிழலில் ஓய்ந்து நீர் பருகுவது சோம்பல் அன்று, உடற்காப்பு ஆகும்.

ஐந்தாவது, ஊட்டமின்மை. நாள்தோறும் புதிய உயிரணுக்களைப் படைக்கப் புரதமும் துத்தநாகம் போன்ற தாதுக்களும் வேண்டும். பட்டினி கிடக்கும் குடல் தன்னைச் செப்பனிட இயலாது.

மூடாத ஒரு வாயில்

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நீர் கொடுத்தால் பேதி மிகும் என்றெண்ணி நீரையும் உணவையும் நிறுத்துவோர் உண்டு. அன்பினால் செய்யும் இச்செயல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஏனெனில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே ஆகும்.

நாளொன்றுக்கு, நாம் பருகும் நீரும் உடலில் சுரக்கும் செரிமான நீரும் சேர்ந்து ஏறத்தாழ 9 லிட்டர் வளர்ந்தவரின் குடலுக்குள் வருகிறது. நலமாயுள்ள குடல் அதில் மிகச் சிறிதளவை மட்டும் வெளியேற்றி, எஞ்சியதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. பேதியின்போது இவ்வேலை தடைப்படுகிறது. ஆயினும் ஒரு வாயில் மட்டும் மூடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அவ்விரண்டையும் அது உள்ளே விடும். அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உட்செல்லும்.

இவ்வுண்மையின் ஆற்றலை 1971ஆம் ஆண்டில் உலகம் கண்டது. வங்காள தேசப் போரின்போது, இந்திய எல்லையிலிருந்த அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் மாண்ட இடத்தில் அத்தொகை 4க்கும் கீழே இறங்கியது.

இன்று அக்கரைசலுக்குரிய பொட்டலம் மருந்துக் கடைகளிலும் மருத்துவ நிலையங்களிலும் கிடைக்கிறது. அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்பு கூடினால் தீங்கு நேரும். ஆதலால் அளவில் கவனம் வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கண்கள் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாணவ மணிகளே! உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். கொதிக்க வைத்த நீரையே பருகுங்கள். இங்குக் கற்றதை இன்றே வீட்டில் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு தேக்கரண்டியின் அளவை அறிந்து வைத்திருக்கும் பிள்ளை, தன் தம்பி தங்கையின் உயிரைக் காக்கும் வேளை வரலாம். ஓர் உயிரணுத் தடிப்பே உடைய அம்மதிலை நாமும் விழிப்புடன் காத்து, நலமாய் வாழ்வோமாக!