மதியிறுக்கமுடைய இளைஞரும் தகுந்த தொழிலும்

திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்துவினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. ஒரு வினைக்குத் தக்கவரை ஆராய்ந்தறிந்து ஏவுதல் அரசன் கடன் என்பது அதன் கருத்து. ஆளுக்கும் தொழிலுக்கும் பொருத்தம் காணும் பொறுப்பு, தொழில் தேடி வருவோனிலும் தொழில் தருவோனையே பெரிதுஞ் சாரும் என்பது இதனாற் பெறப்படும். மதியிறுக்கமுடைய இளைஞர்க்குத் தொழில் தேடுமிடத்து நாம் மறந்துவிடும் உண்மையும் இதுவே.

மதியிறுக்கம், அஃதாவது ஓட்டிசம், நோயன்று. மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்த வேறுபாடு. அதனையுடையோர் பிறர் முகக்குறிப்பையும் சொல்லின் மறைபொருளையும் உணர்வதில் இடர்ப்படுவர். பேரோசையும் கூரொளியும் சிலர்க்குத் தாங்கொணாதவை. வழக்கமான ஒழுங்கு திடீரென மாறின் மனங்கலங்குவர். எனினும், ஒரே தன்மைத்தான வேலையைச் சலியாது செய்தல், சிறு பிழையையுங் காணுதல், உள்ளதை உள்ளவாறே உரைத்தல் ஆகிய இயல்புகளைப் பலரிடத்துக் காணலாம். ஒருவரைப்போல் மற்றொருவர் இரார். பேச்சே வாராதவரும் உளர். பட்டம் பெற்றவரும் உளர்.

தம்பிலுவிலில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே ஓடும் பேருந்துகளின் நேரங்களையெல்லாம் மனத்தில் வைத்திருந்தான். சாதாரண தரத்தோடு அவன் படிப்பு நின்றது. கடையொன்றில் விற்பனைக்கு அவனைச் சேர்த்துவிட்டேன். சாமான் வாங்க வந்தவரிடம், “இது பழைய சரக்கு” என்று உண்மையைக் கூறினான். மூன்றாம் நாள் வீடு திரும்பினான். “எங்கட காலத்துக்குப் பிறகு இவன்ட பாடு என்ன, சேர்?” என்று அவன் தாய் வினவியபோது என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தேன். களஞ்சியத்திற் சரக்கெண்ண வேண்டியவனை முன்மேசையில் நிறுத்திய பிழை என்னுடையதே.

ஈண்டு ஒருவர் வரலாற்றை நோக்குவாம். 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து, மதியிறுக்கத்தை முதன்முதல் விரிவாக விளக்கிக் கட்டுரை எழுதினார். அப்பிள்ளைகளுள் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரிற் பிறந்த டொனால்ட் டிரிப்ளெட். சிறுவயதில் இவரை ஒரு கமக்காரக் குடும்பம் பேணிற்று. எதனையும் அளக்கும் வேட்கை இவரிடம் இருந்தமையால், கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து கூறுமாறு பணித்தனர். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாது எண்ணியமையால், உழுதுகொண்டே எண்ணுமாறு விட்டனர். குறையென்று பிறர் கடிந்திருக்கக்கூடிய இயல்பை அக்குடும்பத்தார் வேலையாக மாற்றினர். டிரிப்ளெட் 1958 இற் பட்டம் பெற்று, ஊர் வங்கியிற் பல்லாண்டு பணியாற்றி, 2023 இல் தமது 89 ஆம் வயதிற் காலமானார். அவ்வங்கி தாய்வழி உறவினருடையதாதலின், இத்தகைய வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆயினும் 1971 இல் கானர் அப்பதினொருவரின் நிலையை மீண்டும் ஆராய்ந்தபோது, அரச மனநல விடுதிகளில் விடப்பட்டோர் இருந்த திறனையும் இழந்திருக்கக் கண்டார் என்பது சிந்திக்கற்பாலது.

பிற்காலத்தில் இம்முறை நிறுவனங்களிலும் புகுந்தது. 2004 இல் டென்மார்க்கில், மதியிறுக்கமுடைய மகனைப் பெற்ற தோர்க்கில் சொன்னே என்பவர் ‘ஸ்பெசியலிஸ்டர்னே’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நேர்முகப் பரீட்சையை மட்டும் நம்பாது, செய்முறை வேலைகளைக் கொடுத்து ஆற்றலை அளந்தறிவது அதன் வழி. கண்ணோக்கிப் பேசத் தயங்குபவன் நேர்முகத்தில் தோற்பான். வேலையைக் கையிற் கொடுத்தால் வெல்லவுங்கூடும். எஸ்.ஏ.பி. நிறுவனமும் பங்களூரில் மதியிறுக்கமுடையோரை மென்பொருள் சோதிக்கும் பணியில் அமர்த்தியது.

எம் நாட்டிற் சட்டமும் இல்லாமலில்லை. 1988 இல் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றுநிருபம், தகுதியுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு அரச வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்குமாறு விதித்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆட்சேர்ப்பதிற் பாகுபாடு காட்டலைத் தடுக்கின்றது. ஆனால் ஒருவனுடைய இயல்பை அறிந்து அவனுக்கேற்ற வேலையைச் சட்டம் தேடித் தராது. அயலார்தாம் தேட வேண்டும்.

எம் பகுதியில் நூலகங்கள் உள; அரிசி ஆலைகள் உள; மருதமுனையிற் கைத்தறிகள் உள. புத்தகம் அடுக்கல், மூடை நிறுத்தல், கணினியிற் பதிதல், இழையெண்ணி நெய்தல் போன்றவற்றுட் சில சிலர்க்குப் பொருந்தும். ஆயின் தறியோசை ஒருவனுக்குத் தாளமாகும், மற்றொருவனுக்கு வதையாகும். ஆதலின் முதலிற் சில நாள் பழகிப் பார்க்க விடுதல் வேண்டும். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தல், ஒருவரையே மேற்பார்வைக்கு வைத்தல், மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுதல் என்னும் மூன்றுக்கும் பெருஞ்செலவு இல்லை. வேலைக்குரிய கூலியைக் குறையாது கொடுத்தலும் கடனாம், அது தருமமன்று.

ஆசிரியர்களே, பள்ளியை விட்டு நீங்கும் இத்தகைய மாணவன் எதிற் சிறந்தவன், எதனைத் தாங்கான் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடையும் அலுவலகமும் நடத்தும் பழைய மாணவர்களே, அத்தாளை வாசித்தபின் அவனுக்கு வேலை கொடுங்கள். அத்தாயின் வினாவுக்கு விடை ஒருவர் தனித்துச் சொல்லக்கூடியதன்று. ஊர் கூடிச் சொல்ல வேண்டியது.