காண்போர் முன்னிலையும் ஆடுவோர் உள்ளமும்

சென்ற விளையாட்டு விழாவன்று நீளத் தாண்டற் பந்தயத்தில் யாமும் ஒருவராய் நின்றோம். மாலைதோறும் ஆளில்லா மைதானத்தில் 18 அடிக்குக் குறையாது தாண்டிப் பழகியிருந்த யாம், அன்று திரண்டிருந்தார் கண்ணெதிரே மூன்று முறையும் பலகையைக் கடந்து மிதித்துக் கணக்கினின்றும் நீக்கப்பட்டோம். அதே கூட்டத்தின் முன்னர் எம் அறைத்தோழரோ, 100 மீட்டர் ஓட்டத்தில் தாம் அதுகாறும் எய்தாத வேகத்தை எய்தினார். ஒரே கூட்டம் ஒருவரை உயர்த்தி மற்றொருவரைத் தாழ்த்துவானேன்? இவ்வினா எம்மை விடாமையின் உளநூல்களைப் புரட்டலானோம்.

இப்பொருளை முதற்கண் ஆராய்ந்தாருள் ஒருவர், அமெரிக்க நாட்டு இந்தியானா சர்வகலாசாலையில் ஆராய்ச்சி நிகழ்த்திய நார்மன் டிரிப்ளட் என்பார். துவிசக்கர வண்டிப் பந்தயக் குறிப்புக்களில், தனித்துச் செல்வோரினும் பிறரோடு போட்டியிட்டுச் செல்வோர் விரைந்து செல்லுதலை அவர் கண்டார். பின்னர்ச் சிறார் நாற்பதின்மரைத் தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனித்தும் இருவராயும் சுழற்றச் செய்தார். 1898-ல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, எதிராளி அருகிருக்க இருபதின்மர் விரைந்தனர். பதின்மர்க்கு வேறுபாடு மிகுதியாய் இல்லை. எஞ்சிய பதின்மரோ பதற்றம் மிக்குக் கைதடுமாறிப் பின்னடைந்தனர். அவ்வேறுபாடு மிகச் சிறிதே என்று இக்காலத்துப் புள்ளிவிவர முறையாற் கணித்தோர் கூறுவர். ஆயினும் அக்கடைப் பதின்மரே எமக்கு உறவினர்.

இம்முரணுக்கு 1965-ல் ராபர்ட் ஸயோன்ஸ் என்பார் ஒரு விடை கூறினார். பிறர் அருகிருப்பின் உடலும் உள்ளமும் கிளர்ச்சியுறுகின்றன. அக்கிளர்ச்சி, நம்மிடத்து எச்செயல் முந்தி எழுமோ அச்செயலையே வலுப்படுத்தும். நன்கு பழகிய தொழிலில் முந்துவது சரியான செயலாதலின் திறம் மிகும். பழக்கம் நிரம்பாத நுண்டொழிலில் முந்துவது பிழையாதலின் பிழையே மிகும். ஓட்டம் நாம் நடை பயின்ற நாளையொட்டியே வாய்த்தது. விரைந்தோடி வந்து, ஒரு சாண் அகலமுமில்லாத பலகையிற் காலை அளந்து வைத்தலோ அத்தகையதன்று!

இக்கொள்கையை அவர் 1969-ல் கரப்பான்பூச்சிகளைக் கொண்டு சோதித்தார் என்பது நகைப்பிற்கிடமாகலாம். ஒளிக்கு அஞ்சி ஓடும் அப்பூச்சிகள், தம்மினத்தவை பார்த்திருக்க, நேர்வழியில் விரைந்தன. திருப்பமுள்ள வழியில் தாமதித்தன. மனிதரிடத்தும் இது காணப்படும். மேசைமேற் பந்துகளைக் கோலால் தள்ளிக் குழியில் வீழ்த்தும் ஆட்டத்தைப் பற்றி 1982-ல் ஓராய்வு வெளிவந்தது. பார்ப்போர் நால்வர் அருகே வந்து நின்ற அளவில், வல்லார் அடிகளுள் குழி சேர்ந்தவை நூற்றுக்கு 71 என்பதினின்று 80 ஆக ஏறின; வல்லமை குறைந்தோர்க்கு அது 36-லிருந்து 25-க்கு இறங்கிற்று.

வல்லாரும் ஒரோவழி வழுக்குவர். தானே நிகழும் செயலைத் துணுக்குத் துணுக்காய்க் கண்காணிக்கத் தொடங்குதல் அதற்கு ஒரு காரணம். தேர்ந்த கால்பந்தாட்டக்காரரைப் பாதத்தின் எப்பக்கம் பந்தைத் தொட்டது என்று கவனித்துக்கொண்டே பந்தை உருட்டிச் செல்லப் பணித்தபோது, அவர் வேகம் குறைந்ததை 2002-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. எமக்கு இந்நோய் இன்னும் வரவில்லை. வருமளவு யாம் தேறினோமில்லை.

ஆதலின் இவ்வாண்டு விடுதி நண்பர் சிலரை மணற்குழியருகே நிறுத்தி, அவர் கைதட்டவும் கூவவும் தாண்டிப் பழகி வருகின்றோம். முதல் வாரம் எட்டு முறையில் ஐந்து பிழை. சென்ற வாரம் இரண்டு. அவர்கட்கு வேர்க்கடலை வாங்கித்தரும் செலவு மட்டும் குறைந்தபாடில்லை.