நாசி லெமாக் எங்கே போகிறது?

காலை ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிடுகிறீர்கள். மறுநாள் காலையில் கழிப்பறைக்குப் போகிறீர்கள். உடலுக்கு வேண்டியது உள்ளே தங்கிவிட்டது, வேண்டாதது வெளியே போய்விட்டது, கணக்குச் சரி என்றுதான் பலரும் நினைக்கிறோம்.

அறிவியல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. ஆரம்பப் பள்ளியில் படித்த இரண்டு சொற்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: மலங்கழித்தல், கழிவகற்றல். இரண்டும் ஒன்றே என்று எழுதிப் புள்ளிகளை இழக்கும் மாணவர்கள் உண்டு. ஆனால், இந்த வேறுபாடு தேர்வோடு முடிந்துபோவதில்லை. நம் வீடுகளில் பலருக்கு இருக்கும் நீரிழிவு நோய் ஏன் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதையும் இதை வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

உள்ளே போனாலும் உள்ளே இல்லை

உணவுப்பாதை என்பது வாயில் தொடங்கி மலவாயில் முடியும் ஒரு நீண்ட குழாய். அதன் இரு முனைகளும் திறந்தவை. அந்தக் குழாய்க்குள் இருக்கும் உணவு, அதன் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும் வரை, உண்மையில் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. விழுங்கிய கொய்யா விதை அப்படியே வெளியே வருவது இதனால்தான்.

சுவரைக் கடக்க வேண்டுமானால், உணவு மிகச் சிறிய மூலக்கூறுகளாக உடைய வேண்டும். அதற்குப் பெயர் செரிமானம். நாசி லெமாக்கையே எடுத்துக்கொள்வோம். சோற்றில் மாவுச்சத்து, முட்டையிலும் நெத்திலியிலும் புரதம், தேங்காய்ப்பாலிலும் கடலையிலும் கொழுப்பு. மாவுச்சத்து வாயிலேயே, உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் நொதியால் உடையத் தொடங்குகிறது. புரதத்தின் முறை இரைப்பையில் வருகிறது. அங்கே அமிலமும் பெப்சின் நொதியும் சேர்ந்து வேலை செய்கின்றன. கொழுப்பு பெரும்பாலும் சிறுகுடலில்தான் உடைகிறது. கல்லீரலில் உருவாகும் பித்தநீர், பிசுக்குப் பாத்திரத்தில் சவர்க்காரம் செய்வதைப் போல, கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது. பிறகு கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் நொதி அதை உடைக்கிறது.

இப்போது சோறும் முட்டையும் இல்லை. குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், கொழுப்பமிலங்கள் ஆகியவையே இருக்கின்றன. ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவர், மடிப்புகளாலும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகளாலும் நிறைந்தது. அத்தனையையும் விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். பூப்பந்துத் திடலில் பாதிக்குச் சற்றுக் குறைவு! இந்தப் பரப்பின் வழியாகத்தான் சத்துகள் உடலுக்குள் நுழைகின்றன.

நுழைய முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அதனுடன் பாக்டீரியாவும் குடற்சுவரிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களும் நீரும் சேர்ந்து மலமாக வெளியேறுகின்றன. நார்ச்சத்து ஒருபோதும் இரத்தத்தில் சேரவில்லை. ஆகவே, இது மலங்கழித்தல்; கழிவகற்றல் அன்று. மலத்தின் பழுப்பு நிறம் மட்டும் விதிவிலக்கு. சுமார் 120 நாள் உழைத்து ஓய்ந்த சிவப்பணுக்களைச் சிதைக்கும்போது உண்டாகும் நிறமி, பித்தநீர் வழியாகக் குடலில் கலந்து, அந்த நிறத்தைத் தருகிறது. அது உடலுக்குள்ளேயே பிறந்த உண்மையான கழிவு.

கல்லீரல்: உடலின் குடிநுழைவுச் சாவடி

குடலில் உறிஞ்சப்பட்ட குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் நேரே இதயத்துக்குப் போவதில்லை. ஒரு தனி இரத்தக்குழாய் அவற்றை முதலில் கல்லீரலுக்குக் கொண்டு செல்கிறது. ஜொகூர் பாருவுக்குள் நுழைபவர்கள் குடிநுழைவுச் சாவடியைக் கடப்பது போல, எல்லாம் அங்கே ஒரு முறை பரிசோதிக்கப்படுகின்றன. பெரும்பாலான கொழுப்பு மட்டும் நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றிப்போய்ப் பின்னர் இரத்தத்தில் கலக்கிறது.

சாப்பிட்டவுடன் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். கணையம் இன்சுலினைச் சுரக்கும். அந்தச் செய்தி கிடைத்ததும் கல்லீரல் மிகுதியான குளுக்கோஸைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கும். அமினோ அமிலங்கள் மிகுந்தால் அவற்றைச் சேமிக்க வழியில்லை. அவற்றை உடைக்கும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை உடனே தீங்கு குறைந்த யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சிறுநீரகம் தயாரிப்பதாகச் சிலர் எழுதுவார்கள். தயாரிப்பது கல்லீரல், வெளியேற்றுவதுதான் சிறுநீரகம்.

நாம் மூச்சில் விடும் கழிவு

உயிரணுக்கள் குளுக்கோஸையும் கொழுப்பையும் ஆக்சிஜனுடன் சேர்த்து ஆற்றலைப் பெறுகின்றன. அப்போது கரியமில வாயுவும் நீரும் மிஞ்சுகின்றன. கரியமில வாயுவை இரத்தம் நுரையீரலுக்குச் சுமந்து சென்று வெளியே விடுகிறது. ஆகவே, நுரையீரலும் ஒரு கழிவகற்றும் உறுப்பே.

ஒருவர் உடற்பயிற்சியால் 10 கிலோ கொழுப்பைக் குறைத்தால், அந்த 10 கிலோ எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள், மலத்தில் என்பார்கள். வேதியியல் கணக்குப்படி அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மீதி 1.6 கிலோ நீராகிறது.

சிறுநீரகத்தின் விந்தையான முறை

தீபாவளிக்கு முன் அலமாரியை எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? குப்பையை மட்டும் தேடிப் பொறுக்குவதைவிட, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவது எளிது. சிறுநீரகமும் அப்படித்தான் செய்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இரத்த நுண்குழாய்களால் ஆன சல்லடை ஒன்று இருக்கிறது. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் அதில் நின்றுவிடும். நீர், குளுக்கோஸ், உப்புகள், யூரியா எல்லாம் கீழே இறங்கிவிடும். இப்படி ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் சுமார் 180 லிட்டர். ஆனால், நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான். மீதி 99 விழுக்காட்டை நெஃப்ரானின் நீண்ட குழாய்கள் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நலமானவரின் குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். யூரியாவில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் போய்விடும்.

இந்த முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. நேற்று விழுங்கிய மாத்திரையின் மிச்சத்தைப் போன்ற புதுப் பொருள்களைச் சிறுநீரகம் அடையாளம் காண வேண்டியதில்லை. சல்லடையில் இறங்கி, யாரும் திரும்ப எடுக்காவிட்டால், அவை தாமாகவே வெளியேறிவிடும்.

இனிப்பு நீர் சொல்லும் செய்தி

சாப்பிடாத வேளையில் இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவில் இருக்கும். இன்சுலின் போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ அது சுமார் 10ஐத் தாண்டினால், திரும்ப எடுக்கும் குழாய்களுக்குக் கைகொள்ளாமல் போய்விடும். மிஞ்சிய குளுக்கோஸ் சிறுநீரில் கலந்து, நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், ஓயாத தாகம். நம் பெரியவர்கள் இந்நோயை ‘இனிப்பு நீர்’ என்பதும், மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் இதனால்தான்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. பல ஆண்டுகள் நீடிக்கும் மிகுதியான சர்க்கரை, அந்த நுண்ணிய சல்லடைகளைச் சேதப்படுத்துகிறது. கீழே இறங்கக்கூடாத அல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்குகிறது. அப்போது வலி இருக்காது. சிறுநீரகம் பாதிக்கும் மேல் செயலிழந்த பிறகும் அறிகுறி தெரியாமல் இருக்கலாம். முற்றிலும் செயலிழந்தால் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை செய்ய வேண்டும்.

மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. உடலைச் சுத்தம் செய்வதாக விற்கப்படும் பானங்கள் சேதமடைந்த சல்லடையைச் சரிசெய்வதில்லை. கசிவைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுப்பது ஓர் எளிய சிறுநீர்ப் பரிசோதனைதான். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் சேதத்தின் வேகத்தைக் குறைக்கவும் முடியும்.

மாணவர்களே, இவ்வாரம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவர் யாரேனும் இருந்தால், “கிளினிக்கில் கடைசியாக எப்போது சிறுநீரில் அல்புமின் இருக்கிறதா என்று பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உடன் சென்று கேளுங்கள்.