16 ஆண்டு இடைவெளி: ‘கலோனியல் கசின்ஸ்’ ஆல்பம் பழையதாக ஒலித்தது ஏன்?

ஹரிஹரன், லெஸ்லி லூயிஸ் இணைந்த ‘கலோனியல் கசின்ஸ்’ குழுவின் முதல் ஆல்பம் 1996-இல் வெளியானது. ஆலாபனையும் மேற்கத்திய கிட்டாரும் ஒரே பாடலில் இணைந்தது அன்று புதுமை. 2012-இல் ‘ஒன்ஸ் மோர்’ வந்தபோதோ, அக்கலவை திரைப்பாடல்களிலேயே பழகிப்போயிருந்தது. முதல் ஆல்பத்தின் வியப்பை மீண்டும் எதிர்பார்ப்பது சற்றே அநியாயம்தான்.

சுவீடனின் ‘அபா’ குழு 40 ஆண்டுகளுக்குப் பின் 2021 நவம்பரில் ‘வாயேஜ்’ ஆல்பத்தை வெளியிட்டபோதும், பழைய பாணி எனச் சிலர் குறைகூறினர். அதற்காகவே பலர் வரவேற்றனர். அதில் ‘ஜஸ்ட் எ நோஷன்’ பாடலின் குரல்பதிவே 1978-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

‘கலோனியல் கசின்ஸ்’ இருவரும் 2009-இல் ‘மோதி விளையாடு’ தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.